பாட்டைப் போற்றுவோர் மொழிக்குப் பட்ட கடன்

ஒரு மக்களினத்தின் பாட்டை நெஞ்சாரப் புகழ்ந்துகொண்டே, அப்பாட்டைப் பெற்றெடுத்த மொழி மெல்ல மறைவதைக் கண்டும் காணாதிருத்தல் அறமாகுமா? எந்நாட்டிலும் எழக்கூடிய வினாதான் இது. எனினும், இவ்வினாவை அன்றாட வாழ்க்கையிலேயே எதிர்கொண்டு, வழக்குமன்றம் வரையில் கொண்டுசென்று, இன்றளவும் விடை தேடிக்கொண்டிருக்கும் நாடு ஒன்று உண்டு. பிரித்தானியத் தீவின் மேற்குப் பகுதியில், ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் கற்பலகைக்கும் பெயர்பெற்று விளங்கிய வேல்ஸ் நாடே அது. உலகம் அதனைப் ‘பாட்டின் நாடு’ என்று அழைக்கிறது. அந்நாட்டாரும் அப்பெயரைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டனர். அப்பெயருக்காக அவர்கள் கொடுத்த விலை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1864ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் வடகரையில் உள்ள லாண்டட்னோ என்னும் ஊரில் ஐஸ்டெத்வோத் எனப்படும் கலைவிழா நடைபெற்றது. பாவலரும் பாடகரும் போட்டியிட்டுப் பரிசு பெறும் அவ்விழாவின் வேர் மிகப் பழமையானது. 1176ஆம் ஆண்டிலேயே ரீஸ் என்னும் குறுநில மன்னர் தம் கார்டிகன் கோட்டையில் இத்தகைய போட்டியை நடத்தினார் என்பது வரலாறு. லாண்டட்னோ விழாவைக் காண வந்தவருள் மாத்தியூ ஆர்னால்டும் ஒருவர். ஆங்கிலக் கவிஞர், திறனாய்வாளர், ஆக்ஸ்போர்டில் கவிதைத் துறைப் பேராசிரியர். இவற்றோடு, அரசாங்கத்தின் பள்ளி ஆய்வாளர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னர், கெல்டிக் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆற்றிய உரைகள் 1867இல் நூலாக வெளிவந்தன. அவ்விலக்கியத்தின் மென்மையையும் இயற்கையோடு இயைந்த மாயத்தன்மையையும் அவரைப்போற் போற்றிய ஆங்கிலேயர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆனால் அதே நூலில், வேல்ஸ் மொழி மக்களின் நடைமுறை வாழ்விலிருந்தும் அரசியலிலிருந்தும் எவ்வளவு விரைவில் மறைகிறதோ அவ்வளவுக்கு நன்று என்றும் அவர் எழுதினார். ஏட்டில் இருக்கட்டும், பல்கலைக்கழகத்தில் ஆராயப்படட்டும், கடைத்தெருவிலும் வகுப்பறையிலும் மட்டும் வேண்டா என்பது அவர் கொள்கை.

ஆர்னால்டு கொடியவர் அல்லர். வேல்ஸ் மொழியை நாட்டின் சாபக்கேடு என்று இழித்துரைத்த இலண்டன் நாளேட்டோடு ஒப்பிட்டால் அவர் நண்பர் என்றே கொள்ளத்தக்கவர். அதனாலேயே அவர் கருத்து ஆழ்ந்த ஆய்வுக்கு உரியதாகிறது. பகைவன் ஒரு மொழியை வெறுப்பான், அவ்வெறுப்பு வெளிப்படையானது. மொழியின் அழகை உணர்ந்த ஒருவர், அவ்வழகைக் காட்சிப் பொருளாக்கிவிட்டு, பேசுவோரை வேறு மொழிக்கு மாறச் சொல்வது எதனைச் சாரும்? உயிரோடிருப்பவரை வைத்துக்கொண்டே இரங்கற்பா பாடுவது போன்றதன்றோ அது?

வேல்ஸ் மக்கள் தம் மொழியைக் கம்ரைக் என்பர். பிரான்சு நாட்டின் பிரெத்தோன் மொழிக்கு உடன்பிறப்பு. ஆங்கிலத்தோடு அணுக்கமான உறவு இல்லாதது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களாகக் கருதப்படும் அனைரின், தலியேசின் ஆகியோரின் பெயரால் வழங்கும் பாக்கள் அதன் தொன்மைக்குச் சான்று. இம்மொழியில் ஒரு புதுமை உண்டு. புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது சுவை தரும். சொல்லின் முதலெழுத்தே சூழலுக்கேற்பத் திரியும். ‘தந்தை’ என்னும் சொல், ‘என் தந்தை’ என்னுமிடத்து ஒரு முதலெழுத்தும், ‘அவன் தந்தை’ என்னுமிடத்து வேறொன்றும், ‘அவள் தந்தை’ என்னுமிடத்து மற்றொன்றும் பெறும். அகராதியைப் புரட்டுபவர் முதலெழுத்திலேயே வழிதவறுவர். ஆனால் இத்திரிபுகளே ஒலிகளை ஒன்றோடொன்று இழைத்து, அம்மொழிக்கு ஒழுகிசை தருகின்றன. கங்ஹனெத் என்னும் அவர்தம் யாப்பு முறையோ, நம் மோனை எதுகைகளைக் காட்டிலும் கண்டிப்பானது. அதன் வகைகள் சிலவற்றில் ஓரடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் அதே வரிசையில் பிற்பாதியிலும் வந்தாக வேண்டும். இத்தகைய மொழியில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு.

இம்மொழிக்கு நேர்ந்த இடர்கள் பல. 1536ஆம் ஆண்டுச் சட்டம், வழக்குமன்றத்தின் மொழி ஆங்கிலமே என்றும், வேல்ஸ் மொழியைப் பயன்படுத்துவோர் அரசுப் பதவி வகிக்கலாகாது என்றும் விதித்தது. அதே நூற்றாண்டில், 1588இல், வில்லியம் மார்கன் விவிலியத்தை முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்டமையால் மொழி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்து பிழைத்தது. பேரடி விழுந்தது 1847இல். வேல்ஸ் நாட்டுக் கல்வி நிலையை ஆராய அரசு அனுப்பிய ஆணையர் மூவருக்கும் வேல்ஸ் மொழி தெரியாது. மாணவரின் மொழி அறியாமலே அவர்களை ஆங்கிலத்தில் வினவி, அறிவிலிகள் என முடிவு கட்டினர். மக்களின் ஒழுக்கக் குறைவுக்கும் பொருளாதாரப் பின்னடைவுக்கும் மொழியே பெருந்தடை என்றும் எழுதினர். நீல அட்டையிட்ட அவ்வறிக்கை ‘நீல நூல்களின் வஞ்சகம்’ என்ற பெயரால் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அக்காலத்துப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. வேல்ஸ் மொழியில் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டு தொங்கவிடப்படும். அக்குழந்தை, தாய்மொழியில் பேசும் மற்றொரு குழந்தையைக் காட்டிக்கொடுத்தால் மரத்துண்டு அதனிடம் போகும். மாலையில் அது யார் கழுத்தில் உள்ளதோ அவருக்கு அடி. இதனை அரசு சட்டமாக்கவில்லை; அவ்வூர் ஆசிரியர்களே செய்தனர். பிள்ளை ஆங்கிலம் கற்று முன்னேறட்டும் எனப் பெற்றோரும் உடன்பட்டனர். தாய்மொழிக்கு வந்த கேட்டை அயலார் தலையில் மட்டும் சுமத்திவிட்டு ஆசிரியர் உலகம் கைகழுவ இயலாது என்பதற்கு அம்மரத்துண்டு ஒன்றே போதும்.

நீல நூல்கள் இழித்துரைத்தபின் அந்நாட்டார் தம் நற்பெயரை மீட்க விரும்பினர். எதனைக் கொண்டு மீட்பது? மொழியைக் கொண்டு மீட்க இயலாது. அதுவே குற்றமெனக் கூறப்பட்டது. பாட்டு ஒன்றே எஞ்சியது. சோல்ஃபா என்னும் எளிய இசைக்குறியீட்டு முறை பரவியதனால் சுரங்கத் தொழிலாளரும் கற்பலகை வெட்டுவோரும் நால்வகைக் குரலில் பாடக் கற்றனர். 1872, 1873 ஆகிய ஈராண்டுகளிலும், கரடோக் என்று அழைக்கப்பட்ட கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ் நடத்திச் சென்ற பெரும் பாடகர் குழு, இலண்டன் பளிங்கு மாளிகையில் வெற்றி வாகை சூடியது. நாடே களிகொண்டது. கல்லாதவர் எனப் பழிக்கப்பட்டோர் ஐரோப்பிய இசை மேதைகளின் அரும்பெரும் படைப்புகளைப் பாடிக் காட்டினர். பாராட்டுக்கும் உரியதே. ஆயினும், அந்த வெற்றியில் வேல்ஸ் மொழிக்கு இடமில்லை. வேல்ஸ் நாட்டுப்புறப் பாட்டுக்கும் இடமில்லை. இன்னும் வியப்பு யாதெனில், அந்நூற்றாண்டின் ஐஸ்டெத்வோத் விழாக்களிலேயே நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. மேடையில் வேல்ஸ் மொழி மட்டுமே என்ற விதி 1950ஆம் ஆண்டுக் கேர்ஃபிலி விழாவில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆக, ‘பாடுங்கள், புகழ்கிறோம், பேசாதீர்கள்’ என்று ஓர் எழுதா உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டது எனலாம்.

இசைக்கு மொழியில்லை, அது எல்லார்க்கும் பொது, எனவே பாட்டை நுகர மொழி எதற்கு என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தைப் பொதுப்படையாக ஏற்பதோ மறுப்பதோ பயனற்றது. வேல்ஸ் நாட்டுப் பாட்டின் வகைகளையே எடுத்து நோக்க வேண்டும்.

‘இரவு முழுதும்’ என்று பொருள்படும் பாட்டு உலகெங்கும் அறியப்பட்டது. அதன் மெட்டை 1784ஆம் ஆண்டு எட்வர்ட் ஜோன்ஸ் என்னும் இசைவாணர் தம் தொகுதியில் அச்சேற்றினார். இன்று வேல்ஸ் மொழியில் பாடப்படும் சொற்களைப் பின்னாளில் இயற்றியவர் கைரியோக். அவர் மாஞ்செஸ்டர் நகரில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றியவர். அதே மெட்டுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் வந்தன. மூலத்தின் மொழிபெயர்ப்பாக அன்று, தனிப்பாட்டாகவே வந்தன. மெட்டு எல்லைகளைக் கடந்து செல்லும். சொல்லை மாற்றினாலும் வாழும். இசை பொது என்பார்க்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது.

ஆனால் கெர்த் டாண்ட் என்னும் வகையை நோக்குக. ‘நரம்பிசைப் பாட்டு’ என்பது அதன் பொருள். யாழினத்தைச் சேர்ந்த ஹார்ப் ஒரு மெட்டை இசைக்கத் தொடங்கும். பாடகர் உடனே பாடுவதில்லை. சில தாளங்கள் கழித்து நுழைவார். நுழைந்தும் யாழின் மெட்டைப் பாடார். அதற்கு இணையாக வேறொரு மெட்டில் ஒரு கவிதையைப் பாடுவார். இருவேறு பாதைகளில் நடந்த யாழும் குரலும் முடிவில் ஒருங்கே வந்து சேர வேண்டும். எங்கே நுழைவது என்பதைக் கவிதையின் அளவு தீர்மானிக்கும். அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பதை மொழி தீர்மானிக்கும். வேல்ஸ் மொழியில் சொல்லின் ஈற்றயல் அசையே பெரும்பாலும் அழுத்தம் பெறுவது. அவ்வழுத்தமும் தாளத்தின் அடியும் பொருந்தாவிடில் அக்கலையறிந்தோர் முகம் சுளிப்பர். இங்கே இசை, கவிதையைத் தாங்கும் தட்டு, படைக்கப்படுவது கவிதையே. மொழியறியாதவர்க்கு அழகிய ஒலி கேட்கும். ஆனால் அங்கே நிகழ்வது யாதென்பது விளங்காது.

கிளமோர்கன் பகுதியில் எருது பூட்டி உழுத காலத்தில் பிறந்த பாட்டு மற்றொரு வகை. கலப்பை பிடிப்பவர் பின்னே வர, சிறுவன் ஒருவன் எருதுகளை நோக்கியவாறு முன்னே பின்புறமாக நடந்துகொண்டே பாடுவான். நான்கடிச் செய்யுள், இடையே எருதுகளை அழைக்கும் கூவல். ஊர்ச் செய்தி, கேலி, காதல் எல்லாம் அந்நான்கடியுள் அடங்கும். எருதுகளின் இடத்தைக் குதிரைகள் பற்றியபின் பாட்டுக்கு வேலையில்லாது போயிற்று. இது மொழியால் வந்த இழப்பு அன்று. தொழில் மாற்றத்தால் வந்தது. எல்லா இழப்புக்கும் மொழிப்பகையையே காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது.

‘மரி லூயித்’ வழக்கமோ வேறு. கிறிஸ்துமஸ் காலத்தில், வெள்ளைத் துணி போர்த்த குதிரை மண்டையோட்டைக் கோலில் ஏந்தி ஒரு குழு வீடுவீடாகச் செல்லும். கதவு திறவாது. வெளியே நிற்போர் செய்யுளால் வழக்காடுவர். உள்ளே இருப்போர் செய்யுளால் மறுப்பர். பாடத் தெரியாதவன், குடிகாரன், கஞ்சன் என்று ஒருவரையொருவர் நகையாடி, சொல் தீர்ந்தவர் தோற்பர். உள்ளிருப்போர் தோற்றால் கதவு திறக்கும். மதுவும் பலகாரமும் கிடைக்கும். அந்நேரத்தில் தோன்றும் சொல்லால் அடிக்கு அடி பதில் சொல்ல வேண்டிய இவ்விளையாட்டு, மொழி வீட்டில் வாழும் வரையில்தான் இயலும். மனப்பாடம் செய்த நான்கு செய்யுள்களைக் கொண்டு நடத்தலாம்தான். அப்போது மண்டையோடு இருக்கும்; துணி இருக்கும்; வழக்காடல் இராது.

மொண்ட்கொமரிப் பகுதியில் இன்றும் நிகழும் ‘ப்ளகைன்’ வழிபாடு இவை அனைத்தினும் அமைதியானது. பண்டு கிறிஸ்துமஸ் நாளில் விடியுமுன் நடந்தது. இந்நாளில் டிசம்பர், சனவரி மாதங்களின் மாலைப் பொழுதுகளில் பெரிதும் நடக்கிறது. சுருக்கமான வழிபாட்டுக்குப்பின், பாட்டுக்குக் களம் திறந்துள்ளது என்று அறிவிப்பர். அதன்பின் எவரும் எவரையும் அழைப்பதில்லை. தந்தையும் மக்களும், அண்ணன் தம்பியர், அயல் வீட்டார் எனச் சிறுசிறு குழுவாகத் தாமே எழுந்து முன்சென்று, இசைக்கருவி ஏதுமின்றிப் பாடிவிட்டு அமர்வர். கைதட்டல் கிடையாது. ஒரு குழு பாடிய பாட்டை மற்றொரு குழு பாடலாகாது. எனவே ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனப் பாட்டுகளைக் கையெழுத்தேடுகளில் காத்து வந்தது. மனிதனின் வீழ்ச்சி தொடங்கிச் சிலுவை வரையில் சமயக் கோட்பாடு முழுவதையும் விரித்துரைக்கும் நெடும்பாட்டுகள் அவை. பொருள் விளங்காதவர்க்கு ஒன்றுபோலவே நீளும். விளங்கியவர்க்கு ஒவ்வோர் அடியும் ஒரு கருத்து. முடிவில் வந்திருக்கும் ஆடவர் யாவரும் முன்சென்று இறுதிப் பாட்டைப் பாடியபின், எல்லார்க்கும் விருந்து.

மெட்டு பயணம் செய்யும். இவ்வகைப் பாடும் முறை பயணம் செய்யாது. உலகம் புகழ்ந்தது முன்னதையே. பின்னதை அந்நாட்டுக் கற்றோரும் நெடுங்காலம் மதிக்கவில்லை. பாடகர் குழுக்களின் பேரொலியில், வேல்ஸ் நாட்டுக்கு நாட்டுப்புறப் பாட்டே இல்லை என்று நம்பியவரும் இருந்தனர். 1906இல் வேல்ஸ் நாட்டுப்புறப் பாடற் கழகம் தோன்றியபின் நிலை மாறியது. அதன் இதழை நடத்திய ஜே. லாய்ட் வில்லியம்ஸ் தாவரவியல் அறிஞர். செடி தேடிய கண்ணால் பாட்டையும் தேடினார் போலும். லிவர்பூலில் பிறந்து வேல்ஸ் நாட்டில் வாழ்க்கைப்பட்ட ரூத் ஹெர்பர்ட் லூயிஸ் அம்மையார், மெழுகு உருளையில் ஒலியைப் பதிக்கும் ஃபோனோகிராஃப் கருவியைச் சுமந்து சென்று முதியோரின் பாட்டுகளைத் திரட்டினார். இவர்தம் தொண்டு பெரிது. ஆயினும் மெழுகில் பதிந்த குரல் மறுமொழி சொல்லாது. மரி லூயித் கதவுக்கு முன் நின்று அதனோடு வழக்காட முடியாது. சேகரித்தல் காத்தலின் ஒரு பகுதியே.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். பொருள் அறியாமற் பாடுவோர் போலிகள் என்று தள்ளிவிடலாகாது. 1957இல், கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டிருந்த அமெரிக்கப் பாடகர் பால் ரோப்சன், போர்த்கால் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளர் நடத்திய விழாவுக்குக் கடல்கடந்த தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். தொழிலாளரும் பாடியே மறுமொழி தந்தனர். அந்த உடன்பிறப்புணர்வுக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. 1983இல் டாவித் இவான் இயற்றிய ‘இன்னும் இங்கேயே’ என்னும் பொருளுடைய பாட்டு, 2022இல் வேல்ஸ் கால்பந்துக் குழு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது விளையாட்டரங்கு முழுவதும் எதிரொலித்தது. பாடியவருள் பலர்க்கு அம்மொழியிற் பேச வராது. ஆயினும் பாட்டனார் பேசிய மொழி தம் வாயினின்று வெளிவருவதைக் கேட்டு அவர்தம் உள்ளம் நெகிழ்ந்தது பொய்யன்று. அது கடனை உணர்த்தும் நெகிழ்ச்சி. கடனைத் தீர்ப்பது வேறு.

அக்கடன் யாதென ஒரு குடும்பத்தின் வரலாறு காட்டும். லாங்கெனெக் என்னும் சிற்றூரில் டிரெவர் பீஸ்லி என்னும் சுரங்கத் தொழிலாளியும் அவர் மனைவியார் ஐலீன் என்னும் ஆசிரியையும் வாழ்ந்தனர். 1952இல் வீட்டு வரிச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. வேல்ஸ் மொழியில் வேண்டுமென்று கேட்டு, வரும் வரையில் வரி செலுத்த மறுத்தனர். ஊரார் பெரும்பாலோர் அம்மொழி பேசுவோரே. ஊராட்சி மன்றத்தாரும் அம்மொழி அறிந்தோரே. எனினும் மன்றம் இசையவில்லை. பலமுறை வழக்குமன்றம் ஏறினர். அமீனாக்கள் வந்து வீட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்தனர், பியானோவும் போயிற்று. இருமொழிச் சீட்டு 1960இல்தான் வந்தது. ஒரு துண்டுத் தாளுக்கு எட்டாண்டுப் போராட்டம்!

வேல்ஸ் மொழியில் பாடுவதை அந்த எட்டாண்டுகளில் எவரேனும் தடுத்தனரோ? இல்லை. தொழுகைப் பாட்டுக்கும் விழாப் பாட்டுக்கும் எங்கும் கைதட்டல் இருந்தது. வரிச் சீட்டு என்றவுடன்தான் மன்றம் முகம் திருப்பியது. மொழிக்கு ஒருவர் தரும் மதிப்பை அவர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுவதைக் கொண்டு அளத்தல் தவறு. வரிச் சீட்டையும் வழக்குரையையும் மருத்துவர் கூறும் அறிவுரையையும் அம்மொழியில் தர இசைகிறாரா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். அறிஞர் சாண்டர்ஸ் லூயிஸ் 1962 பிப்ரவரியில் வானொலியில் ஆற்றிய ‘மொழியின் தலைவிதி’ என்னும் உரையில் இக்குடும்பத்தையே எடுத்துக்காட்டாகக் கூறினார். அவ்வாண்டே வேல்ஸ் மொழிக் கழகம் தோன்றி, மறியலும் சிறையுமாகப் போராட்டம் தொடங்கியது.

ஊர் மன்றத்தின் செயல் ஒருபுறம் இருக்க, வேல்ஸ் எல்லைக்கு அப்பால் உள்ள லிவர்பூல் மாநகரத்தின் செயலும் எண்ணத்தக்கது. வேல்ஸ் மக்கள் பெருந்தொகையினராகக் குடியேறிய அந்நகரம் 1884, 1900, 1929 ஆகிய ஆண்டுகளில் தேசிய ஐஸ்டெத்வோத் விழாவுக்கு இடமளித்தது. அதே நகராட்சி, தன் நீர்த்தேவைக்காக வேல்ஸ் நாட்டின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட 1957இல் நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற்றது. வேல்ஸ் உறுப்பினர் ஏறக்குறைய அனைவரும் எதிர்த்தும் பயனில்லை. 1965இல், வேல்ஸ் மொழி ஒன்றே பேசி வாழ்ந்த காப்பெல் கெலின் சிற்றூர், பள்ளி, அஞ்சலகம், தொழுகைக் கூடம் அனைத்துடனும் நீரில் மூழ்கியது. நகரத்து ஏழைகளுக்கும் குடிநீர் வேண்டியதுதான். ஆனால் அக்கூடத்தில் பாடப்பட்ட பாட்டு, தன் மேடைகளில் மூன்று முறை முழங்கிய அதே மொழியின் பாட்டு என்பதை அந்நகராட்சி எண்ணிற்றா? நாற்பதாண்டு கழித்து, 2005இல், மன்னிப்புக் கேட்டது.

பாட்டின் வழியே மொழிக்குள் வந்து கடனைத் தீர்த்தவர் ஒருவரையும் குறிப்பிடாமல் விடலாகாது. அமெரிக்காவில் பிறந்து இசை நாடகப் பாடகியாகப் பயின்ற பிலிஸ் கின்னி, பிரித்தானியாவுக்கு வந்தபோது மெரெதித் எவன்ஸ் என்பாரைச் சந்தித்து 1948இல் மணந்தார். எவன்ஸ் மெய்யியல் பேராசிரியர், நாட்டுப்புறப் பாடகர். 1954இல் அமெரிக்க ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில், கருவியேதுமின்றித் தனிக்குரலில் அவர் பாடிய வேல்ஸ் பாட்டுகள் உள்ளன. அம்மையார் வேல்ஸ் மொழியைக் கற்றுத் தேர்ந்தார். இருவரும் பாட்டுகளைத் திரட்டிப் பதிப்பித்தனர். அம்மையார் வேல்ஸ் மரபிசையின் வரலாற்றை விரிவாக எழுதி 2011இல் வெளியிட்டார். மெட்டை மட்டும் எடுத்துச் சென்றிருக்கலாம். நற்குரல் படைத்த அவருக்கு அது எளிது. ஆனால் அவர் அம்மொழியின் உள்ளேயே தங்கிவிட்டார்.

எவன்ஸோ இன்னும் ஒருபடி சென்றார். வேல்ஸ் மொழித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கை 1979இல் அரசு கைவிட்டது. அறுபது அகவையை நெருங்கிய அவர், மற்றிரு அறிஞர்களோடு சேர்ந்து பென்கரெக் ஒலிபரப்பு நிலையத்துள் நுழைந்து அதனை நிறுத்தினார், தண்டனையும் ஏற்றார். சட்டத்தை மீறல் தகுமா என்பது தனியே வாதிடற்குரியது. பாட்டுக்குப் புகழ்பெற்ற ஒருவர், பாட்டு மட்டும் போதாதென்று கருதினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. 1982 நவம்பரில் அந்நாட்டுக்குத் தனி அலைவரிசை கிடைத்தது.

சட்டங்களும் பின்தொடர்ந்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டமும், மொழிக்கு அலுவல் தகுதி நல்கிய 2011ஆம் ஆண்டுச் சட்டமும் பீஸ்லி குடும்பம் கேட்டதற்கு மேலாகவே தந்தன. ஆனால் எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 1901இல் மக்களுள் ஏறத்தாழச் சரிபாதியினர் வேல்ஸ் மொழி அறிந்திருந்தனர். 1961இல் 26 விழுக்காடு; 2021இல் 17.8 விழுக்காடு, அஃதாவது ஏறக்குறைய 5,38,000 பேர்.

இவ்வீழ்ச்சி இதனினும் விரைவாக நிகழாமைக்குப் பெருங்காரணம் பள்ளிக்கூடமே. 1939இல், போருக்கு அஞ்சி லிவர்பூலிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகள் அபெரிஸ்துவித் ஊர்ப் பள்ளியில் நிறைந்தபோது, வகுப்பறை மொழி ஆங்கிலமாகிவிடும் என்று இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ் கவலை கொண்டார். ஏழே மாணவரைக் கொண்டு, வேல்ஸ் மொழியில் கற்பிக்கும் ஒரு தனியார் தொடக்கப்பள்ளியைத் திறந்தார். நோரா ஐசக் என்னும் இளம் ஆசிரியை அப்பொறுப்பை ஏற்றார். 1947இல் லனெல்லியில் அரசுப் பணத்தில் அத்தகைய பள்ளி தோன்றியது. 1956இல் உயர்நிலைப்பள்ளியும் வந்தது. எட்வர்ட்ஸ் 1922இலேயே நிறுவிய இளைஞர் இயக்கம் 1929 முதல் பிள்ளைகளுக்கெனத் தனி ஐஸ்டெத்வோத் நடத்திவந்தது. அங்கே பாட்டு இருந்தது, போட்டி இருந்தது. ஆனால் போட்டிக்காகப் பாட்டை உருப்போடச் செய்து அனுப்பிவிட்டால் மொழிக் கல்வி நிறைவேறிற்று என்று அவர் எண்ணவில்லை. எண்ணியிருப்பின் அந்த ஏழு பேருக்காகப் பள்ளி திறந்திருக்கமாட்டார்.

2024 ஆகஸ்டில் தேசிய ஐஸ்டெத்வோத் பொண்டிப்ரீத் நகரில் கூடியது. 1856இல், அவ்வூரில் வாழ்ந்த எவன் ஜேம்ஸ் என்னும் நெசவாளரும் அவர் மகனும் இயற்றிய பாட்டே இன்று வேல்ஸ் நாட்டுப் பண்ணாக விளங்குகிறது. தந்தை சொல் தந்தார், மகன் மெட்டமைத்தார். விழா நடந்த பூங்காவிலேயே அவ்விருவர்க்கும் நினைவுச் சின்னம் நிற்கிறது. அவ்வட்டாரத்தில் இப்போது ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவரே வேல்ஸ் மொழி பேசவல்லவர். நாட்டுப் பண்ணைப் பாட அறியாதார் அங்கு அரியர். மறு ஆண்டு, 2025இல், வேல்ஸ் நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்று இயற்றியது. 2050ஆம் ஆண்டுக்குள், பள்ளிக் கட்டாயக் கல்வி முடிக்கும் மாணவர் எவராயினும் வேல்ஸ் மொழியைத் தாமே கையாளும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்குப் பாடகர் வேண்டுமெனில் அந்நாட்டில் என்றும் குறைவில்லை. வேல்ஸ் மொழியில் கணக்கும் அறிவியலும் கற்பிக்கவல்ல ஆசிரியர்க்கே குறை.